வெள்ளிக்கிழமைக் குஞ்சுகள்

மூளை ஆராய்ச்சி என்றதும் எல்லோரும் வெள்ளைக் கோட்டும் ஏ.சி. அறையுமாக ஒரு படத்தை மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். நான் செய்த மூளை ஆராய்ச்சி பாரிவாக்கத்தில், ஒரு கோழிப்பண்ணையின் பின்பக்கம் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் நடந்தது. எழுபதுகளின் முதல் பாதி அது. நகரத்தில் இருந்த எங்கள் ஆய்வுக்கூடத்தில் கோழிக்குஞ்சுகளை வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கத்துகிறது, நாறுகிறது, பக்கத்து அறைக்காரர்கள் புகார் செய்கிறார்கள். "முட்டை கிடைக்கிற இடத்துக்கே போயிடும்மா" என்றார் எங்கள் துறைத் தலைவர். என்னைக் கண்காணாத இடத்துக்குத் துரத்திவிட இதைவிட நல்ல சாக்கு அவருக்குக் கிடைத்திருக்காது. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. கணவருக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். காலையில் பூந்தமல்லி பஸ்ஸில் ஏறிப் பாரிவாக்கத்தில் இறங்கி, வரப்பு மேல் பத்து நிமிடம் நடந்தால் கொட்டகை வந்துவிடும்.

நான் ஆராய்ந்தது நினைவை. அதிலும் ஒரே ஒரு வகை நினைவை. கோழிக்குஞ்சு முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்த முதல் ஓரிரு நாளில், கண் முன்னால் எது அசைகிறதோ அதையே தாய் என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் அதன் பின்னாலேயே ஓடும். பெரும்பாலும் அது கோழியாகவே இருந்துவிடுவதால் யாருக்கும் ஒரு குழப்பமும் இல்லை. கோழிக்குப் பதிலாக ஒரு பந்தைக் காட்டினால் பந்துதான் தாய். இதை நாங்கள் பதிவு என்று சொல்வோம். ஒரு தடவை பதிந்தது லேசில் அழியாது.

என் குஞ்சுகளுக்கு நான் வைத்திருந்த தாய் ஒரு சிவப்புப் பெட்டி. உள்ளே பல்பு எரியும். அடியில் ஒரு பழைய கிராமபோன் மோட்டார் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பாதிக் குஞ்சுகளுக்கு இந்த விளக்கை இரண்டு மணி நேரம் காட்டுவேன். மீதிப் பாதிக்கு ஒன்றுமே காட்டாமல் இருட்டில் வைத்திருப்பேன். மறுநாள் ஒவ்வொன்றையும் விளக்குக்கு எதிரே ஒரு சின்னச் சக்கரத்துக்குள் விடுவேன். குஞ்சு விளக்கை நோக்கி ஓடினால் சக்கரம் சுற்றும். எத்தனை சுற்று என்று எழுதிக்கொள்வேன். விளக்கை ஏற்கெனவே பார்த்த குஞ்சு வெறி பிடித்தாற்போல ஓடும். இருட்டுக் குஞ்சு நின்ற இடத்திலேயே நின்று கத்தும். அதற்குப் பிறகு இரண்டின் மூளையையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஆமாம், கொன்றுதான். அதைப் பூசி மெழுகி எழுத எனக்கு விருப்பமில்லை. இரண்டு மூளைக்கும் எங்கே வித்தியாசம் தெரிகிறதோ அங்கேதான் அந்த நினைவு உட்கார்ந்திருக்கிறது என்பது என் கட்சி. ஆகவே இருட்டுக் குஞ்சு எதையுமே பார்க்காத குஞ்சாக இருக்க வேண்டும். அது எதையாவது பார்த்துத் தொலைத்துவிட்டால் என் ஆராய்ச்சி முழுவதும் குப்பை.

குஞ்சு பொரிக்கும் பெட்டியை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் செய்து வாங்கினேன். இடுப்பு உயரம் இருக்கும். கதவில் குஞ்சுத் தட்டுக்கு நேராக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி, உள்ளே இருக்கும் தெர்மாமீட்டரைப் பார்ப்பதற்காக. அதன் மேல் கறுப்புத் துணி தொங்கும். முட்டை வைத்த பத்தொன்பதாம் நாளிலிருந்து நான் தவிர யாரும் கதவைத் திறக்கக் கூடாது, உள்ளே டார்ச் லைட் அடிக்கக் கூடாது. நானே திறந்தாலும் ஜன்னலைச் சாத்தி, பல்பை அணைத்து, தடவிப் பார்த்துத்தான் குஞ்சை எடுப்பேன்.

இந்தச் சட்டத்தைக் காப்பாற்ற எனக்குத் துணையாக இருந்தவர் அந்த ஊர்ப் பெண்மணி ஒருவர். பெருக்குவது, பெட்டியில் தண்ணீர்த் தட்டு நிரப்புவது, குஞ்சுகளுக்குத் தீனி வைப்பது எல்லாம் அவர் வேலை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அப்போது அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன். அதில் எனக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை. இப்போது எழுத உட்கார்ந்தால் கை அவர் என்றுதான் எழுதுகிறது. அவர் குடும்பம் காலங்காலமாக அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். வயல்களில் மனைக்கல் நட ஆரம்பித்ததும் நடவு வேலை குறைந்துபோயிற்று. கணவர் இல்லை. ஒரு மகள், பூந்தமல்லியில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். மாதச் சம்பளம் என்று ஒன்று அந்த வீட்டுக்குள் நுழைந்ததே என் கொட்டகை வேலையால்தான். அது நின்றால் மகளும் படிப்பை நிறுத்திவிட்டு ஏதாவது செங்கல் சூளைக்குப் போக வேண்டியதுதான். இதை அவர் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். நானும் ஊம் கொட்டியிருக்கிறேன்.

முதல் நாளே எங்களுக்குள் ஒரு உரசல். வேலைக்குச் சேர்ந்த அன்று காலை கையில் ஒரு அம்மன் படத்தோடு வந்து நின்றார்.

"எங்கம்மா மாட்டறது?"

"இங்க சாமி படமெல்லாம் மாட்டக் கூடாது. இது ஆராய்ச்சிக்கூடம்."

"வேல செய்ற எடத்துல ஒரு சாமி கூட இல்லாம எப்டிம்மா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கல்லூரியில் படிக்கும்போதே கடவுளைத் தலைமுழுகியவள் நான். அந்தக் காலத்தில் அம்மாவோடு மல்லுக்கு நின்று, வெள்ளிக்கிழமைகளில் கோவிலுக்கு வர மாட்டேன் என்று சாதித்தவள். "இங்க இந்தப் பெட்டிதான் சாமி. இதை ஒழுங்கா பாத்துக்கோ, போதும்" என்றேன். சொல்லிவிட்டு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அவர் படத்தை முந்தானையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

முதல் வருடம் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் முட்டை வைத்தேன். கோழி முட்டைக்கு இருபத்தொரு நாள், அதாவது சரியாக மூன்று வாரம். செவ்வாயில் வைத்தது செவ்வாயில் பொரியும். இருட்டுக் குஞ்சுகள் நான் எதிர்பார்த்தபடியே நின்று கத்தின. வேலை நன்றாகப் போகிறது என்ற தெம்பில் அடுத்த வருடம் வெள்ளிக்கிழமையும் முட்டை வைக்க ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த விந்தை நடந்தது. இருட்டுக் குஞ்சுகளில் சில, விளக்கைக் கண்டதும் ஓடின. முதல் குஞ்சு ஓடியபோது நான் தவறாக எடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டாவதும் ஓடியது. ஒரே நாளில் ஏழு குஞ்சுகள் ஓடியபோது எண்ணிக்கையை இரண்டு தடவை சரிபார்த்தேன். எந்த ஒளியையும் பார்க்காத குஞ்சு, சுழலும் விளக்கைக் கண்டு தாயைக் கண்டதுபோல ஓடுகிறது என்றால், அது அந்த விளக்கை முட்டைக்குள்ளேயே அறிந்திருக்கிறது. பார்க்காத ஒன்றின் நினைவோடு பிறந்திருக்கிறது. உலகத்தில் யாருமே பார்த்திராத ஒன்றைப் பார்த்துவிட்டேன் என்று நம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போதெல்லாம் எனக்குள் சிரித்துக்கொண்டேன். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே குஞ்சுகளை ஓடவிட்டு எண்ணி, பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதினேன். தலைவர் படித்துவிட்டு முதல் தடவையாக என்னை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். "தேதிவாரியா ஒரு அட்டவணை மட்டும் போட்டுக் கொடும்மா, அனுப்பிடலாம்" என்றார்.

அட்டவணை போட உட்கார்ந்தேன். தேதிக்குப் பக்கத்தில், ஒரு ஒழுங்குக்காக, கிழமையையும் எழுதிக்கொண்டே வந்தேன். அரைப் பக்கம் எழுதியதும் பேனா நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை பொரித்த இருட்டுக் குஞ்சு ஒன்றுகூட ஓடவில்லை. ஓடியவை அத்தனையும் வெள்ளிக்கிழமை பொரித்தவை.

வெள்ளி, செவ்வாய் என்பதெல்லாம் மனிதர்கள் வைத்துக்கொண்ட பெயர்கள். முட்டைக்கு ஏது கிழமை? மின்சாரமாக இருக்கலாம் என்று வாரம் முழுவதும் வோல்டேஜை எழுதி வைத்தேன். எல்லா நாளும் ஒரே லட்சணத்தில்தான் ஏறி இறங்கியது. முட்டை கொடுக்கும் கோழிகளை மாற்றினேன். பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி வைத்தேன். வெள்ளிக்கிழமை மட்டும் கொட்டகைப் பக்கம் யாராவது வருகிறார்களா என்று பண்ணை முதலாளியிடம் விசாரித்தேன். "இங்க யாரு வர்றாங்க, கோயி திருடறவன்கூட வர்றதில்ல" என்றார். எதை மாற்றினாலும் வெள்ளிக்கிழமைக் குஞ்சுகள் ஓடிக்கொண்டே இருந்தன.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்காருவது என்று முடிவு செய்தேன். காலை ஏழு மணிக்குப் போய்விட்டேன். மடியில் நோட்டு. அரை மணிக்கு ஒரு வரி. ஏழுக்கு, துணி சரியாகத் தொங்குகிறது, உள்ளே குஞ்சுகளின் சத்தம் கேட்கிறது என்று எழுதினேன். ஏழரைக்கு அவர் வந்தார். எட்டுக்குப் பெருக்கினார். எட்டரைக்கு, ஒன்றும் இல்லை. ஒன்பதுக்குப் பண்ணையில் தீவன லாரி வந்த சத்தம். அப்படியே சாயங்காலம்வரை. நடுவில் ஒன்றரை மணிக்கு மட்டும் எதிரே இருந்த வேப்பமரத்தடிக்குப் போய்ப் பதினைந்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தேன். மாலை ஐந்துக்குப் பக்கத்தின் அடியில் கோடு போட்டு, இன்று ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

சனிக்கிழமை காலை இருட்டுக் குஞ்சுகளில் நான்கைத் தடவி எடுத்துச் சக்கரத்தில் விட்டேன். நான்கும் ஓடின.

அந்தக் கணம் எனக்கு வந்தது பயம்தான். ஆனால் என் பயம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். ஒன்றும் நடக்காத நாளில் ஏதோ நடந்திருக்கிறது. நான் பார்க்காதது அந்தப் பதினைந்து நிமிடம் மட்டும்தான். அந்த நேரத்தில் கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கோ குஞ்சுகள் மேல் இரக்கம். "பாவம்மா, பொறந்த கொயந்தய இப்டி இருட்டுல போட்டு வெச்சிகினு" என்று எத்தனையோ தடவை என்னிடம் புலம்பியிருக்கிறார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்தேன்.

அவரைக் கூப்பிட்டேன்.

"நான் சாப்பிடப் போனப்ப கதவைத் திறந்தியா?"

"இல்லம்மா."

"தண்ணி வைக்கலாம்னு லேசா திறந்து பாத்திருப்ப."

"நான் எதுக்கும்மா தொறக்கறேன்? நீங்கதான் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிகீறீங்களே."

"பொய் சொல்லாதே. ஒரு வருஷத்துக்கு மேல வாராவாரம் நீ திறந்துட்டு இருக்கே. என் வேலை மொத்தமும் நாசமாப் போச்சு."

என் குரல் கேட்டுப் பண்ணை முதலாளி வாசலில் வந்து நின்றார். பழைய விவசாயக் குடும்பம், அந்த ஊரில் பாதி நிலம் ஒரு காலத்தில் அவர்களுடையது. கொட்டகையும் அவருடையதுதான். "டாக்டரம்மா, வேணாம்னா சொல்லுங்க. இன்னியோட நிறுத்திடலாம். இங்க நிறுத்தினா இந்த ஊர்ல வேற எங்கயும் சேத்துக்க மாட்டாங்க" என்றார். அவர் அதைச் சர்வ சாதாரணமாகச் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. அந்தப் பெண்மணியின் மகளுடைய பள்ளிக்கூடம் என் நினைவுக்கே வரவில்லை.

அவர் அழவில்லை. என்னையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"நான் கல்பூரம் அணைச்சி சத்தியம் பண்றேன்."

முதலாளி, "ஆங், அது நாயம்" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூளை ஆராய்ச்சியில் கற்பூரச் சத்தியமா என்று நினைத்தேன். ஆனாலும் தடுக்கவில்லை. பொய் சொல்கிறவள் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிடுவாள் என்ற எண்ணம்.

ஜன்னல் மாடத்திலிருந்து ஒரு பித்தளைத் தட்டையும் கற்பூர டப்பாவையும் எடுத்தார். பக்கத்தில் ஒரு சின்ன மணியும் இருந்தது. இவை என் கொட்டகைக்கு எப்போது வந்தன என்று அந்த நிமிடத்தில்கூட எனக்குத் தோன்றவில்லை. பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கற்பூரத்தை ஏற்றினார். பிறகு, சத்தியத்துக்குச் சாட்சி வேண்டும் அல்லவா, கறுப்புத் துணியைத் தூக்கிப் பெட்டியின் மேல் விளிம்பில் இருந்த ஒரு ஆணியில் மாட்டினார். அங்கே ஒரு ஆணி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தட்டை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

உள்ளே கத்திக்கொண்டிருந்த குஞ்சுகள் சட்டென்று அடங்கின. அடுத்த நொடி ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டு கண்ணாடிக்கு ஓடிவந்தன. அலகுகள் கண்ணாடியில் டக் டக் என்று மோதின. அவர் தட்டை வலது பக்கம் கொண்டுபோனார். அத்தனை தலைகளும் வலது பக்கம் திரும்பின. இடது பக்கம் கொண்டுவந்தார். அத்தனையும் இடது பக்கம். என் சிவப்பு விளக்குக்கு எந்தக் குஞ்சும் இப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

நான் பெட்டிக்கு அருகில் போய்க் குனிந்து பார்த்தேன்.

அவர் குஞ்சுகளைக் கவனிக்கவே இல்லை. தட்டைத் தரையில் வைத்தார். "இந்தக் கதவ நான் தொறந்ததில்ல. உள்ள லைட்டு அடிச்சதில்ல. பொய்யின்னா என் ரெண்டு கண்ணும் போவட்டும்" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தின் மேல் வலது உள்ளங்கையை ஓங்கி அடித்தார். அணையவில்லை. இன்னொரு தடவை அடித்து, கையை எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தார். அணைந்தது.

அறையில் கற்பூரப் புகை. நான் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"இந்தப் பெட்டிக்கு எப்பவும் கற்பூரம் காட்டுவியா?"

"ஆமாம்மா. வெள்ளிக்கெயம தவறாம. மொத மொதல்ல வேலைக்கி வந்ததுலேர்ந்து. நீங்கதான சொன்னீங்க, இந்தப் பொட்டிதான் சாமின்னு. எத்தினி உசுரு பொறக்குது இதுல."

"துணியை எதுக்குத் தூக்கற?"

அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. "தெர போட்டுகினு யாராச்சும் தீவாரதன காட்டுவாங்களா?" என்றார்.

முதல் வருடம் முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் பெட்டியில் முட்டைதான் இருந்தது. அடுத்த வருடம் நான் வெள்ளிக்கிழமையும் முட்டை வைக்க ஆரம்பித்த பிறகு, அன்று காலை பொரித்த குஞ்சுகள் முதன்முதலில் பார்த்தது சுற்றிச் சுற்றி வந்த ஒரு கற்பூரச் சுடரை. அதுதான் அவற்றின் தாய். என் சுழல் விளக்கை அவை அந்தத் தாய் என்று நினைத்து ஓடியிருக்கின்றன. அன்றைக்கு நான் படம் மாட்டச் சம்மதித்திருந்தால் கற்பூரம் சுவரில் இருந்த அம்மனுக்குப் போயிருக்கும். அதுகூட எனக்கு உறைத்தது. ஆனால் ஒன்று மட்டும் பொருந்தவில்லை.

"நேத்து காட்டல இல்ல?" என்றேன். "நான்தான் நாள் பூரா இங்கயே உக்காந்திருந்தேனே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கிண்டல் செய்கிறேனோ என்று அவருக்குச் சந்தேகம்.

"நேத்தும்தாம்மா காட்டுனேன். பெருக்கிட்டு வந்து காட்டுனேன். நீங்க எய்ந்து நின்னு கும்புட்டீங்களே."

"நானா?"

"நீங்கதாம்மா. மணி அடிச்சதும் கண்ண மூடிகினு நின்னீங்க. அப்பால தட்டு நீட்டுனேன், தொட்டு ஒத்திகினீங்க. துன்னூறு எட்த்து வெச்சிகினீங்க. நீங்க இங்க கீறப்போலாம் வாராவாரம் வெச்சிக்குவீங்களே."

"இல்லை" என்றேன். அடித்துச் சொன்னேன். எனக்கு அப்படி ஒரு பழக்கமே கிடையாது என்றேன்.

முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நேத்து நீங்க பஸ்ஸுக்குப் போவும்போது நெத்தில துன்னூறு இருந்துச்சுங்க. நான் பாத்தேன்" என்றார்.

எழுந்து மேசைக்குப் போய் நோட்டை எடுத்தேன். எட்டு மணிக்குப் பெருக்கினாள். எட்டரைக்கு, ஒன்றும் இல்லை. என் கையெழுத்துத்தான். அதை எழுதும்போது என் நெற்றியில் விபூதி இருந்திருக்கிறது. விரலில் கற்பூரத்தின் சூடுகூட ஆறியிருக்காது. உண்மையிலேயே எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. மணி அடித்தால் கண் மூட வேண்டும், தட்டு வந்தால் கை நீள வேண்டும் என்று நான் நடக்கப் பழகுவதற்கு முன்பே, அம்மாவின் இடுப்பில் இருந்த காலத்திலேயே என்னைப் பழக்கியிருக்கிறார்கள். சண்டை போட்டு நான் விட்டது கோவிலைத்தான். கண்ணும் கையும் என்னைக் கேட்காமல் தங்கள் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்திருக்கின்றன. என் எதிரே துணி தூக்கப்பட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமைக் காலையை எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். இன்றுவரை அது எனக்கு நினைவில்லை. மணி, சுடர், நெற்றியில் விரல் என்று இப்போது தெரிகிற காட்சி, அவர் சொன்னதை வைத்து நானே கட்டிக்கொண்டது. நினைவைப் பற்றி வேலை செய்த எனக்கு அதுவும் தெரியும், அதனால் அது இன்னும் திகிலாக இருக்கிறது. இதுபோல வேறு எதையெல்லாம் நான் ஒன்றும் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறேனோ.

நோட்டிலிருந்து தலை நிமிர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார். துணியை இறக்கிவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார். குஞ்சுகள் உள்ளே கத்திக்கொண்டே இருந்தன. அன்று மீதிக் குஞ்சுகளைச் சக்கரத்தில் விடவில்லை. தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன்: கட்டுரையை அனுப்ப வேண்டாம், வெள்ளிக்கிழமைக் குஞ்சுகள் எல்லாம் வெளிச்சம் பார்த்தவை, தவறு முழுவதும் என்னுடையது. பார்க்காத ஒன்றின் நினைவோடு பிறந்த குஞ்சு என்று ஒன்று இருக்கவே இல்லை. அந்தக் கடிதத்தை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. கட்டுரைக்காகத்தான் அழுதேன், அதையும் மறைக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவரிடம் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறி அந்தப் பெண்மணியின் வீட்டுக்குப் போனேன். மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை. பண்ணையிலிருந்து கூப்பிடு தூரம்தான். குனிந்து நுழைகிற கூரை வீடு. மகள் வாசலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "யம்மோவ், டாக்டரம்மா வந்துகீறாங்க" என்று குரல் கொடுத்தாள். அவர் வெளியே வந்தார். வலது கையில் பழைய புடவைத் துணியைச் சுற்றியிருந்தார். துணிக்கு வெளியே தெரிந்த விரல்களின் அடி வெந்து, நீர் கோத்து வீங்கியிருந்தது.

எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "என் மேலதான் தப்பு. நீங்க வேலைக்கு வாங்க. முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன்" என்றேன். முதல் தடவையாக நீங்க என்று சொன்னதை அவர் கவனித்தாரா என்று தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வாங்க என்றும் கூப்பிட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கிலாம் வாணாம்மா. மஞ்ச பூசிகீறேன், ஆறிடும். வேலைக்கி வரேன். வராம எங்க போறது, இவ படிக்கணும்" என்றார். பிறகு, சண்டை பிடிக்கிற குரலில் இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்பவரைப்போலக் கேட்டார்:

"கோயிக்குஞ்சு ஒரு தபா பாத்துச்சின்னா காலத்துக்கும் மறக்காதுன்னு சொல்லுவீங்க. என்ன மூணு வருசமா தெனமும் பாத்துகினுகீறீங்க. நான் பொய் சொல்றவளா இல்லியான்னு உங்களுக்கு ஏம்மா தெரியாமப் போச்சி?"

மகள் பென்சிலைக் கையில் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை அவர் நேரத்துக்கு வேலைக்கு வந்தார். இடது கையால் பெருக்கினார்.